ஞாயிறு மாலை ஒத்திவைப்புத் தீர்மானம்

கல்கத்தாவில் ஒரு கூட்டத்துக்கு ஆள் வராமல் செய்வது லேசான காரியம் இல்லை. டிராமில் சில்லறைக்காக இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேர் பஞ்சாயத்துக்கு நிற்பார்கள். தெருவில் குழாய் உடைந்தால், அதைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பார்க்க இன்னொரு கூட்டம் வரும். அப்பேர்ப்பட்ட ஊரில் மூன்று வாரம் பாடுபட்டு, அறுபது நாற்காலி போட்டு, ஒரே ஒரு தபால் அட்டையால் அத்தனை பேரையும் வராமல் நிறுத்தியவன் நான். (போலீஸ் தடையுத்தரவு போட்டும் அந்த நாட்களில் சாதிக்க முடியாத காரியம் இது.)

எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்தேழு வயது. டல்ஹௌசியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் வாசம். அப்பா அம்மா திருநெல்வேலியில். சாயங்கால வேளைகளில் எங்கள் தமிழ் மன்றத்தின் கௌரவச் செயலாளர். கௌரவ என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். நான் அதற்கு வேறு பொருள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மன்றத்தின் ஆண்டு விழாவில் வழக்கமாக நாடகம் போடுவார்கள். அதற்கு முந்தின வருடம் நாடகம் நடக்கும்போது கரண்ட் போய், ராஜா சிம்மாசனம் எங்கே என்று தெரியாமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டார். (இறங்கினார் என்பது மரியாதைக்கு. இரண்டு பல்.) எனவே இந்த வருடம் எல்லோரும் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய நிகழ்ச்சி வேண்டும் என்று பேச்சு வந்தது. மாதிரி நாடாளுமன்றம் நடத்தலாம் என்று நான் சொன்னேன். சொன்னவன் தலையிலேயே அதைக் கட்டினார்கள்.

நான் நூலகத்துக்குப் போய், சபை நடைமுறை பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். அதற்கு முன் நான் சாதாரண மனிதன். அதைப் படித்த பிறகு என்னோடு ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. மெஸ் சமையல்காரரிடம் ரசத்தில் ஏன் உப்பு இல்லை என்று கேட்டு, அவர் பதில் சொன்னதும், "இதில் ஒரு துணைக் கேள்வி" என்றேன். மறுநாள் ரசமே இல்லை.

சபையில் எந்த நாளில் எதைப் பேசுவது, எதற்கு எவ்வளவு நேரம் என்று திட்டமிட ஒரு குழு உண்டு என்று புத்தகம் சொன்னது. நாங்களும் ஒரு குழு அமைத்தோம். அது ஆறுமுகம் அண்ணாச்சியின் மளிகைக் கடைப் பின்கட்டில், புளி மூட்டைகளின் மேல் கூடியது. அண்ணாச்சி கடையில் அப்பளம், காப்பிப்பொடி, நல்லெண்ணெய், ஊர்ச் செய்தி எல்லாம் கிடைக்கும். அவரைத்தான் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்திருந்தோம். குரல் பெரிது. நாற்காலி வாடகையும் அவர் பொறுப்பு.

விவாதம் கோருகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தேன். முப்பத்தொரு கோரிக்கைகள் வந்தன. அதில் பதினொன்று, ஊர் ரயில் தாமதமாக வருவதைப் பற்றி. ஐந்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் காட்டும் தியேட்டரில் மின்விசிறி சுற்றாததைப் பற்றி. ஒருவர் வெளியுறவுக் கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். எந்த நாட்டோடு என்று எழுதவில்லை.

நான் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தேன். அவசரத் தன்மை இல்லை, பொது முக்கியத்துவம் இல்லை, சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் எழுதினேன். அண்ணாச்சியின் கோரிக்கையையும் விடவில்லை.

"ஏந் தம்பி, மழைக்காலத்துல அப்பளம் நமுத்துப் போவுது. இது பொது முக்கியத்துவம் இல்லைன்னா வேற எதுவே முக்கியத்துவம்?" என்றார்.

"அது மாநில அரசு விஷயம், அண்ணாச்சி."

"மழை எப்பவே மாநில அரசு ஆச்சு?"

நான் புத்தகத்தின் பொருளடக்கத்தில் மழையைத் தேடிவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போனேன்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சி எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். லேக் கார்டன்ஸில் சிதம்பரநாதன் என்று ஒருவர். பாளையங்கோட்டைக்காரர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்ணின் தாயார் இல்லை. ஒரே மகள் கோமதி. என் பெயர் சங்கரலிங்கம் என்றதும் அண்ணாச்சிக்கு அதற்கு மேல் பொருத்தம் பார்க்கத் தோன்றவில்லை. சங்கரன்கோயிலில் சாமி பெயர் சங்கரலிங்கம், அம்மன் பெயர் கோமதி. ஜாதகம் எதற்கு என்று கேட்டார்.

சிதம்பரநாதன் அப்படி நினைக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைத் தட்டிக்கழித்தவர். "வீட்டுக்கு வந்து உக்காந்தா எல்லாவனும் நல்ல பிள்ளையாத்தான் இருப்பான். நாலு பேருக்கு முன்னால பையன் எப்படின்னு நான் பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். ஆகவே ஏற்பாடு இதுதான்: அவர் மகளோடு மாதிரி நாடாளுமன்றத்துக்கு வருவார். பையன் தேறினால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முறைப்படி பெண் பார்த்தல். தேறாவிட்டால் அண்ணாச்சியிடம் அப்பளம் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

ஆக, என் கல்யாணம் ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்துவதில் இருந்தது. ரசத்துக்குத் துணைக் கேள்வி கேட்டவனுக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

கோரிக்கைகள் வாங்குவதற்கான கடைசி நாளில், கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, தோளில் துணிப்பை தொங்க, ஒரு பெண் கடைப் பின்கட்டுக்கு வந்தாள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த பெண்கள் எல்லோரும் அந்தப் பையோடுதான் இருப்பார்கள். ஒரு தாளை நீட்டினாள். எங்கள் மன்றத்தைப் போன்ற பொது அமைப்புகளின் செயற்குழுக்களில் பெண்களே இல்லை, பஜ்ஜி போடும் குழுவில் மட்டும் எல்லோரும் பெண்கள், அரசு இதற்கு என்ன கொள்கை வைத்திருக்கிறது என்று சபையில் விவாதம் வேண்டும் என்பது சாரம். இந்தச் சாரம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் தாளை விளக்குக்குக் கீழே பிடித்துச் சொற்களை எண்ணினேன்.

"நூற்று அறுபத்து மூன்று. விதிப்படி நூற்றைம்பதுக்கு மேல் போகக் கூடாது" என்றேன்.

"நீங்க இதைப் படிச்சீங்களா, எண்ணினீங்களா?"

"எண்ணினேன்" என்றேன், பெருமையாக.

அவள் என்னைப் பார்த்தாள். "தூர்" என்றாள். (வங்காளத்தில் இதற்கு எரிச்சல் என்று பொருள். தமிழிலும் அந்த முகத்தோடு சொன்னால் அதே பொருள்தான்.) "அதிகமா இருக்கிற பதிமூணை நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை மூட்டையின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "அவதான்வே கோமதி" என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. (ரசம் இல்லாததும் ஒரு காரணம்.) அந்தத் தாளை முதல் தடவையாகப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள். இதற்குப் பரிகாரமாக என்ன செய்வது என்று புத்தகத்தைப் புரட்டியபோதுதான், நாடாளுமன்றத்தில் ஒரு கோரிக்கைக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த மரியாதையைக் கண்டுபிடித்தேன். அதன் பெயர் ஒத்திவைப்புத் தீர்மானம். சபையின் மற்ற எல்லா அலுவல்களையும் ஒத்திவைத்துவிட்டு, ஒரே ஓர் அவசர விஷயத்தை மட்டும் உடனே எடுத்துக்கொள்வது. கேள்வி நேரம் கிடையாது, வேறு பேச்சு கிடையாது. கோமதியின் கோரிக்கைக்கு மட்டுமே சபை. எந்தப் பெண்ணுக்காவது எந்தப் பிள்ளையாவது இதைவிடப் பெரிய பரிசு கொடுத்திருப்பானா என்று எனக்கே கண்ணில் நீர் தளும்பியது.

அலுவல் மாறிவிட்டதால் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தபால் அட்டை எழுதினேன். முதல் நகலில் ஒத்திவைப்புத் தீர்மானம் என்றால் என்ன, ஏன், எந்த விதிப்படி என்றெல்லாம் விளக்கி எழுபது சொற்கள் வந்தன. இன்னொருவருடைய தாளில் பதிமூன்று சொல் கூடுதல் என்று சொன்னவன் எழுபது சொல் எழுதலாமா? வெட்டினேன். வெட்ட வெட்ட அழகு கூடியது. கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி மாதிரி நாடாளுமன்றம் ஒத்திவைப்புத் தீர்மானம். செயலாளர்."

பத்தே சொற்கள். எண்ணிப் பாருங்கள். அப்படியே ஐம்பத்தெட்டு அட்டைகளை என் கையாலேயே எழுதித் தபாலில் போட்டேன்.

மன்றக் கூடத்தின் சொந்தக்காரர் மித்ரதா மாடியில் குடியிருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தெருவில் உள்ள வங்காளிகளையும் அழைக்க வேண்டும் என்பதற்காக, ஒரு பெரிய காகிதத்தில் வங்காளத்தில் எழுதி வாசலில் ஒட்டித் தரச் சொன்னேன். அவர்கள் மொழியிலும் அதற்கு முறையான சொல் இருந்தது. முல்துபி ப்ரஸ்தாப். எழுதப் போன மித்ரதா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹொபே, நா ஹொபே நா?" என்றார். நடக்குமா, நடக்காதா என்று கேட்கிறார்.

நான் சிரித்தேன். சபை நடைமுறை தெரியாத மனிதர், பாவம். "ஹொபே, ஹொபே" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்டபடியே எழுதிக் கொடுத்தார். ஒரு தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கூடத்துக்குப் போய்விட்டேன். ஒரு பக்கம் முப்பது, மறு பக்கம் முப்பது என்று நாற்காலிகளைப் போட்டேன். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று அட்டை எழுதி மாட்டினேன். கோரம், அதாவது சபை நடத்தப் போதுமான ஆள், இல்லாவிட்டால் மணி அடித்து உறுப்பினர்களைக் கூப்பிட வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்ததால், மித்ரதா வீட்டுப் பூஜையறையிலிருந்து காஸர் என்ற வெண்கலத் தட்டையும் அதை அடிக்கும் கட்டையையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

ஐந்து அடிக்கும்போது சிதம்பரநாதனும் கோமதியும் ரிக்ஷாவிலிருந்து இறங்கினார்கள். கஞ்சி போட்ட வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. உள்ளே வந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அறுபது நாற்காலி. ஆளு மூணு" என்றார்.

அவரும் எண்ணுகிறவர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. இப்போது வந்துவிடுவார்கள் சார் என்றேன். ஐந்தேகால் ஆயிற்று. சபாநாயகரைக் கூடக் காணோம். நேரத்தைப் போக்க, சிதம்பரநாதன் வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, ஒத்திவைப்புத் தீர்மானம் என்றால் என்ன என்று விசாரித்தார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி இருந்தது. விதியில் ஆரம்பித்து, விதிவிலக்கு, முன்மாதிரிகள் வழியாக, இன்று எடுத்துக்கொள்வது கோமதியின் கோரிக்கை என்பது வரை போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, ஒத்திவைக்கறது இல்ல?"

"இல்லை சார். மற்றதைத்தான் ஒத்திவைக்கிறோம். இதை உடனே எடுத்துக்கொள்கிறோம்."

"அப்படின்னா அப்படியே எழுதியிருக்கலாமே."

நான் பதில் சொல்லும் முன், மன்ற உறுப்பினர் ஒருவர் மனைவி மக்களோடு, தலை நிறையப் பூவும் பவுடருமாக வாசலைக் கடந்து போனார். என்னைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவனை.

"கார்டு வந்தது தம்பி. என்ன செய்ய, ஒத்திவைக்கணும்னு தீர்மானம் பண்ணிட்டீங்க. மனசைத் தளர விடாதீங்க. நாங்க படத்துக்குப் போறோம், அண்ணாச்சியும் அங்கதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு விரைந்தார்.

என் காதில் என் பத்துச் சொற்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. வரும் ஞாயிறு. மாலை ஐந்து மணி. மாதிரி நாடாளுமன்றம். ஒத்திவைப்புத் தீர்மானம். ஐம்பத்தெட்டு பேருக்கு, என் கையெழுத்தில். தெருவுக்கு வங்காளத்தில்.

கோமதி முதலில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் அதுவும் போதாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிதம்பரநாதன் சிரிக்கவில்லை. குடையை எடுத்தார்.

அவர் குடையோடு வாசல் தாண்டினால் என் கல்யாணமும் கூடவே தாண்டிவிடும். என்ன செய்வது? மூளை வேலை செய்யாத மனிதன் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வான். கோரம் இல்லை என்றால் மணி அடி என்றது புத்தகம். காஸரை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

வெண்கலத் தட்டின் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பூஜையில் தாளத்தோடு அடித்தால் பக்தி வரும். பயந்தவன் அடித்தால் வேறு என்னவோ வரும். நான் நாலைந்து அடி அடித்திருப்பேன், கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் அது தினமும் போகும்; கார்த்திகை மாதமானதால் வெளியேயும் அதற்குள் இருட்டியிருந்தது. நான் நிறுத்தவில்லை. விளக்கு அணைந்தால் மணியை நிறுத்த வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

மாடியில் மித்ரதாவின் மனைவி இருட்டில் இந்தச் சத்தத்தைக் கேட்டார். வங்காளத்தில் பூகம்பம் வந்தால் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். பூமி அதிர்வதாக நினைத்தாரோ, தட்டு அதிர்ந்தது அவருக்கு அப்படி இருந்ததோ, சங்கை எடுத்து ஊதிவிட்டார். அடுத்த வீட்டில் ஊதினார்கள். எதிர் வீட்டில் ஊதினார்கள். ஒரு நிமிடத்தில் தெரு முழுக்கச் சங்கு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்.

சிதம்பரநாதனால் தாங்க முடியவில்லை. "நிறுத்துங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருட்டில் துழாவி வந்து, என் கையிலிருந்த காஸரையும் கட்டையையும் பிடுங்கிக்கொண்டார்.

அந்த வினாடியில்தான் எதிரில் இருந்த தெரு இளைஞர் கிளப்பின் பையன்கள் டார்ச் விளக்கோடு உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் பார்த்தது இது: இருட்டுக் கூடம். தெருவுக்குப் பழக்கமில்லாத ஆள். ஒரு கையில் கட்டை. மறு கையில், தெருவுக்கே தெரிந்த மித்ரதா வீட்டுப் பூஜைத் தட்டு.

"சோர்! சோர்!" என்றார்கள். திருடன்.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? எதிர்க்கட்சி வரிசையில் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால். (யோசனை செய்துகொண்டிருந்தேன்.)

ஐந்து பையன்கள் என் வருங்கால மாமனாரைப் பிடித்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்ததில் பை கிழிந்து இரண்டு பேனாவும் உருண்டன. கோமதி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று கூடம் அதிரக் கத்தினாள்.

"சாடோ! உனி ஆமார் பாபா!"

விடுங்கள், அவர் என் அப்பா என்றாள். அதற்குப் பிறகு அவள் வங்காளத்தில் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது. ஓங்கிய கைகள் அப்படியே தாழ்ந்து சிதம்பரநாதனின் காலைத் தொட்டன. மேஷோமஷாய், மேஷோமஷாய் என்று, பெரியவரே என்கிற மரியாதையோடு, ஆளுக்கு ஒரு பக்கம் தூசி தட்டினார்கள். ஒருவன் பேனாக்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். செருக இடம் இல்லாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அரிக்கேன் விளக்கோடு மித்ரதா இறங்கி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். இங்கே ஒரு நாடாளுமன்றம் நடப்பதாக இருந்தது, விவாதம் தயார், உறுப்பினர்கள்தான் இல்லை என்று கோமதி சொன்னாள்.

விவாதம் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பையன்கள் முகத்தில் வந்த பிரகாசம் அரிக்கேன் விளக்கில் இல்லை. பூகம்பத்துக்காக வெளியே வந்தவர்களும் உள்ளே வந்தார்கள். சங்கோடு நாலு மாமிகள். கைக்குழந்தையோடு ஒருவர். அறுபது நாற்காலியும் நிரம்பின. மித்ரதாவைச் சபாநாயகராக உட்கார வைத்தார்கள். காஸர் அவருக்கே திரும்பக் கிடைத்தது.

ஒரு சிக்கல். அத்தனை பேரும் ஆளும் கட்சி நாற்காலிகளை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எதிர்க்கட்சியில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஊரில் அரசாங்கமாக இருக்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. எதிர்க்க யாராவது வேண்டுமே என்று பையன்கள் தேடினார்கள். நாற்காலிக்குப் பின்னால் யோசனை செய்துகொண்டிருந்தவன் அகப்பட்டான். என்னை ஆளும் கட்சிப் பக்கம் தனியாக நிறுத்தினார்கள்.

கோமதி தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். வங்காளத்தில், தாள் இல்லாமல், அந்தப் பதிமூன்று சொல்லையும் சேர்த்துத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். சங்கு மாமிகள் மேஜையைத் தட்டினார்கள். அரசு என்ன சொல்கிறது என்று மித்ரதா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது தெரிந்த வங்காளம், கத்திரிக்காய் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் மட்டுமே போதுமானது.

"ஆமி ஜானி நா" என்றேன். எனக்குத் தெரியாது என்று பொருள். இருந்ததற்குள் அதுதான் பொருத்தமாகப் பட்டது.

"லொஜ்ஜா! லொஜ்ஜா!" என்று சபை முழங்கியது. வெட்கம், வெட்கம்.

அரசு கவிழ்ந்தது. செயற்குழுவில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் தமிழ் மன்றத்துக்கு அறுபது வங்காளிகள் உத்தரவு போட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது நான் எண்ணினேன். அறுபத்தொன்று. முன்வரிசை ஓரத்தில், கிழிந்த சட்டையோடு, பேனாக்களைப் பிடித்த கையைத் தூக்கியிருந்தார் சிதம்பரநாதன்.

எல்லோரும் கலைந்த பிறகு வாசலில் அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, வார ஞாயித்துக்கிழமை ஒங்க விஷயம்... ஒத்திவைப்புத் தீர்மானம்."

சொல்லிவிட்டு ரிக்ஷாவில் ஏறிவிட்டார். கோமதி திரும்பிப் பார்த்தாள். சிரித்தாற்போல இருந்தது. தோற்றவனைப் பார்த்து யார்தான் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போய், பெண் பார்ப்பதை ஒத்திவைத்துவிட்டார் என்று சொன்னேன். தான் அட்டையை நம்பி, லேக் கார்டன்ஸுக்குச் சொல்லியனுப்பவும் மறந்து, சினிமாவுக்குப் போனதால் வந்த வினை என்று அண்ணாச்சியும் இடிந்துபோனார். போய்க் கேட்கவும் அவருக்கு முகம் இல்லை. ஒரு வாரம் நான் மெஸ்ஸில் எதையும் எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மின்விசிறி சுற்றவில்லை. அந்த ஐந்து கோரிக்கைகளையும் தள்ளுபடி செய்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் கடையில் இருக்கும்போது கோமதி வந்தாள். தோளில் அதே துணிப்பை. முகத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி அப்பளக் கட்டுகளுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"சினிமாவுக்கு..."

"எகீ! சினிமாவா? எங்க வீட்ல பெஹாலாலேர்ந்து மாமா, மாமி எல்லாம் வந்து உக்காந்திருந்தாங்க. அப்பா தன் கையால ரெண்டு கிலோ ரவைல கேசரி கிண்டி வச்சிருந்தாரு. உங்களுக்கு என்ன, மாதா கராப்பா?" மண்டை கெட்டுவிட்டதா என்று கேட்கிறாள்.

"உங்க அப்பாதான் ஒத்திவைப்புத் தீர்மானம்னு..."

சொல்ல ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். மற்றதைத்தான் ஒத்திவைக்கிறோம் சார். இதை உடனே எடுத்துக்கொள்கிறோம்.

"அர்த்தம் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. மத்த ஜாதகத்தையெல்லாம் கட்டி வச்சுட்டு உங்களை எடுத்துக்கிட்டாரு. ஊர்ல ஒருத்தருக்கும் புரியாத வார்த்தையை அப்பா பாவம் கத்துக்கிட்டு வந்து சொன்னா, உங்களுக்கே புரியலை" என்றாள்.

அண்ணாச்சி அப்பளக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை நீட்டி, "கேசரி மிச்சம் இருக்கா தாயி?" என்றார்.

அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு லேக் கார்டன்ஸுக்குப் போனார். சிதம்பரநாதன் எனக்கு நாற்காலியைக் காட்டினார். அண்ணாச்சியிடம்தான் சொன்னார்: "சங்கரன்கோயில் ஆடித்தபசுல கோமதி அம்மன் ஒத்தக்கால்ல நின்னாலும் கடைசியில சாமி காட்சி குடுத்துருவாரு. ஒம்ம சாமி படம் பாக்கப் போயிட்டாரே."

இவ்வளவுக்குப் பிறகும் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் கேட்டேன். "அந்த இருட்டுல வாசல் தொறந்துதான் கெடந்தது. வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். நீங்க நாற்காலிக்குப் பின்னாலயே உக்காந்திருந்தீய. ஓடத் தெரியாத மாப்பிள்ளை நல்லதுன்னு தோணிச்சு" என்றார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

அடுத்த மன்றத் தேர்தலில் அறுபது வங்காளிகளின் உத்தரவு அமலுக்கு வந்தது. செயற்குழுவுக்குப் பெண்கள் வந்தார்கள். செயலாளர் பதவிக்கு என்னை எதிர்த்து என் மனைவியே நின்றாள். எவ்வளவு வித்தியாசத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள், அதை நான் எண்ணவில்லை. அவள் அனுப்பிய முதல் தபால் அட்டையில் மூன்றே சொற்கள்: "கூட்டம் உண்டு. வாங்க." கூடம் நிரம்பி வழிந்தது.

எங்கள் வீட்டில் இன்றும் ஒத்திவைப்பு என்றால் இரண்டு அர்த்தம். அப்பா அர்த்தம் என்றால் தள்ளிப்போட்டாயிற்று, தாத்தா அர்த்தம் என்றால் உடனே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பல் டாக்டர், கணக்குப் பரீட்சை, ஊர்ப் பயணம் எதுவானாலும், எந்த அர்த்தம் என்று கேட்டுக்கொண்டுதான் அழுவதா சிரிப்பதா என்று முடிவு செய்வார்கள்.

போன மாதம் எனக்குக் கண்ணில் புரை என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். துர்கா பூஜை முடியட்டும், குளிர் வரட்டும், கோடை வரட்டும் என்று நான் மூன்று காரணம் சொல்லிப் பார்த்தேன். பெஹாலாவில் இருக்கிற மகள் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "அப்பா, உங்க கண்ணு ஆபரேஷன் ஒத்திவைப்புத் தீர்மானம் ஆயிடுச்சு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. நல்ல பெண் என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்தேன்.

கோமதி வந்து என் காலடியில் ஒரு பையை வைத்தாள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு ஃபிளாஸ்க்.

"எந்த அர்த்தம்?" என்றேன், செய்தித்தாளை எடுக்காமல்.

"எங்கப்பா அர்த்தம்" என்றாள்.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. இரண்டு தடவை.